யொங்லே: கல்வெட்டுக்குப் பின்னால் இருந்த ஆள்

இலங்கையின் தெற்கே காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். சீனச் சக்கரவர்த்தியே தமிழில் கல்வெட்டு வெட்டினார், பார்த்தீர்களா எங்கள் மொழியின் பெருமையை, அவ்வளவுதான். சரி, வெட்டினார். யார் அந்த ஆள்? எதற்காகக் கடல் தாண்டி ஒரு கல்லை அனுப்பித் தெற்கே தேனாவரையில் இருந்த கோயிலுக்குப் பொன்னும் பட்டும் கொடுத்தார்? இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தால் பெருமைப்படுகிற வேகம் கொஞ்சம் குறையும் என்பது வேறு விஷயம்.

நான் இந்த ஆளிடம் வந்து சேர்ந்தது கல்வெட்டு வழியாக அல்ல, தண்ணீர் வழியாக. வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கிறவனுக்கு உலகத்தில் எங்கே வாய்க்கால், துருசு (குளத்து மதகு) என்று எழுதியிருந்தாலும் கண் நின்றுவிடும். சீனத்துப் பெருங்கால்வாயைப் பற்றி வாசிக்கப் போய், அதைத் திரும்பத் தோண்டுவித்தவன் பெயர் யொங்லே என்று பார்த்து, இது அந்தக் காலிக் கல்வெட்டு ஆள் அல்லவா என்று தேடத் தொடங்கியதுதான்.

யொங்லே என்பது பட்டப்பெயர், இயற்பெயர் ஜூ டி. 1360இல் நான்ஜிங்கில் பிறந்தான். தகப்பன் ஜூ யுவான்ஜாங் சாதாரண ஆள் இல்லை. 1344இல் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, அடக்கம் செய்ய நிலமில்லாமல் நின்று, புத்த மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சோறில்லாமல் பிச்சை எடுத்து, கலகக்காரரோடு சேர்ந்து, கடைசியில் மங்கோலியரைத் துரத்தி 1368இல் மிங் வம்சத்தைத் தொடங்கியவர். நாலாவது மகன் ஜூ டி. தாய் யார் என்பதே ஒரு சிக்கல். பட்டத்து ராணி மா தான் என்று அரச பதிவு சொல்கிறது. இல்லை, அது கொரியப் பெண்ணோ மங்கோலியப் பெண்ணோ ஒருத்தி என்று ஊர்க்கதை சொல்கிறது. பட்டத்து ராணியின் பிள்ளை என்றால்தான் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்கலாம் என்பதால், அரச பதிவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

1380இல், இருபது வயதில், அவனை வடக்கே பெய்பிங்குக்கு அனுப்பினார்கள். இன்றைய பீஜிங் அதுதான். அப்போது அது தலைநகர் இல்லை, மங்கோலியர் வந்தால் முதலில் அடி விழும் எல்லை. மாமனார் ஷூ டா அந்தக் காலத்தின் பெரிய தளபதி. அவரிடமும் எல்லையிலும் போர் கற்றுக்கொண்டான். அண்ணன், பட்டத்து இளவரசன், 1392இல் செத்துப் போனான். அடுத்தது தனக்குத்தான் என்று இவன் நினைத்திருப்பான். கிழவர் அண்ணனின் மகனைப் பிடித்து வாரிசாக்கிவிட்டார். 1398இல் அந்தப் பொடியன் ஜியன்வென் என்ற பட்டத்தோடு ஏறினான்.

ஏறியதும் செய்த வேலை, சித்தப்பாக்களின் படைகளையும் பதவிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. ஒரு சித்தப்பா பிடிக்க ஆள் வருகிறதென்று கேட்டு மாளிகையோடு எரிந்து செத்தார். அடுத்தது தான் என்று ஜூ டிக்குத் தெரியும். ஆனால் அவனுடைய மூன்று மகன்மாரும் நான்ஜிங்கில், அண்ணன் மகன் கையில். அப்போது செய்ததுதான் நாடகம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சந்தையில் திரிந்தான், மற்றவர்களின் சாப்பாட்டைப் பறித்துத் தின்றான், தரையில் கிடந்தான், கொதிக்கிற வெயிலில் நெருப்புச் சட்டிக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு குளிருது குளிருது என்றான். அரசர் மகன்மாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் 1399இல் சண்டை தொடங்கியது.

அந்தச் சண்டை மூன்று வருஷம் நடந்தது. அண்ணன் மகன் தன் தளபதிகளிடம், சித்தப்பாவைக் கொன்ற பழியை என் தலையில் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பினானாம். இது உண்மையென்றால், எதிரியின் தலைவனை நேராகக் குறிவைக்கக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு நடத்திய போர் இது. ஜூ டி சில இடங்களில் படைக்குப் பின்னால் தனியாக நின்று மறித்துத் தப்பியதற்கு இதுதான் காரணம் என்கிறார்கள். ஷான்டொங் மாகாணத்தில் ஜினான் என்ற ஊரில் 1400இல் மூன்று மாதம் முற்றுகை. ஊரைக் காத்தவர் தியே ஷுவான். முதலில் சரணடைகிறோம் என்று சொல்லி வாசலைத் திறந்துவிட்டு, ஜூ டி உள்ளே வரும்போது மேலிருந்து இரும்புக் கதவைப் போட்டார்கள். கொஞ்சம் அவசரப்பட்டுப் போட்டதில் குதிரையின் தலை நசுங்கியது, ஆள் தப்பிவிட்டான். ஆத்திரத்தில் அவன் பீரங்கியைத் திருப்ப, தியே ஷுவான் மதிலெங்கும் செத்துப்போன கிழச் சக்கரவர்த்தியின் பெயர் எழுதிய பலகைகளைத் தொங்கவிட்டார். தகப்பன் பெயரில் மகன் எப்படிக் குண்டு போடுவான்? முற்றுகையை விட்டுவிட்டுப் போனான். தியே ஷுவானைப் பிறகு என்ன செய்திருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

சண்டையில் அழிந்தது ராஜகுடும்பம் இல்லை. படைகள் மேலும் கீழும் ஓடிய ஷான்டொங்கும் ஹெபெய்யும்தான். வயல் எல்லாம் காடாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

கடைசியில் இடையிலுள்ள ஊர்களைப் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு நேராகத் தலைநகருக்கு ஓடினான். யாங்சி ஆற்றைக் காத்த கப்பற்படைத் தலைவன் சென் ஷுவான் கப்பல்களோடு இவன் பக்கம் வந்துவிட்டான். 1402 ஜூலை 13, நான்ஜிங்கின் வாசல் ஒன்று உள்ளேயிருந்தே திறந்தது. அரண்மனை எரிந்தது. கருகிய உடல் ஒன்றைக் காட்டி இதுதான் என் அண்ணன் மகன் என்று அழுது அடக்கம் செய்தான். அது அவன்தான் என்று அன்றைக்கே யாரும் நம்பவில்லை.

அரியணை ஏறும் அறிவிப்பை எழுத, நாட்டில் எல்லோரும் மதிக்கிற ஃபாங் ஷியாவ்ரு என்ற பெரியவரைப் பிடித்து வந்தான். சிறுவனான அரசனுக்குத் துணைநின்ற பழைய காலத்து ஜோ கோமகன் மாதிரித்தான் நானும் வந்தேன் என்று சமாதானம் சொன்னான். அப்படியென்றால் உங்கள் அரசன் எங்கே என்று பெரியவர் கேட்டார். எரிந்துவிட்டான். அவன் மகனை ஏற்றலாமே? நாட்டுக்குப் பெரிய ஆள் வேண்டும். அவன் தம்பியை? அதற்கு ஜூ டி சொன்ன பதில், இது எங்கள் வீட்டு விஷயம். பெரியவர் தூரிகையைத் தரையில் எறிந்துவிட்டார். அவரையும் கொன்று, அவருடைய சொந்தங்களையும் கொன்று, மாணவர்களையும் கொன்றான். 873 பேர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தப் பெரியவரை மட்டும் கொல்லாதே, கொன்றால் படிப்பின் விதையே அழிந்துவிடும் என்று அவனுடைய சொந்த ஆலோசகரான யாவ் குவாங்ஷியாவ் என்ற துறவியே முன்கூட்டிக் கேட்டிருந்தார். கேட்கவில்லை.

பிறகுதான் எனக்கு அவனுடைய முழு முகமும் தெரிந்த வேலை. அண்ணன் மகன் ஆண்ட நாலு வருஷத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டான். 1402ஆம் ஆண்டு ஜியன்வென் நாலாம் ஆண்டு இல்லையாம், தகப்பனாரின் முப்பத்தைந்தாம் ஆண்டாம். கிழவர் செத்த பிறகும் நாலு வருஷம் ஆண்டிருக்கிறார்! தகப்பனின் காலப் பதிவையும் இரண்டு தடவை திருத்தி எழுதுவித்தான். ஜியன்வென்னின் ஆண்டுகளைத் திரும்பக் கணக்கில் சேர்க்க 1595 வரை போயிற்று. வென்றவன் வரலாற்றைத் தன் பக்கம் சாய்த்து எழுதுவான் என்று தெரியும், காலண்டரையே மாற்றுவான் என்று நான் நினைக்கவில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன்.

அவன் தலைநகரை வடக்கே தான் இருந்த ஊருக்குக் கொண்டுபோக முடிவெடுத்தான். தெற்கே நான்ஜிங்கில் எல்லோரும் முகத்துக்கு முன் வணங்கி முதுகுக்குப் பின் சபிக்கிறார்கள், வடக்கில்தான் தன் ஆட்கள், அதோடு மங்கோலிய எல்லையும் அங்கேதான். 1403இல் பெய்பிங் பீஜிங் ஆனது. 1406இல் கட்டுவதற்குக் கட்டளை. ஷான்ஷி மாகாணத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைப் பிடுங்கி வந்து போரில் பாழான வடக்கில் குடியேற்றினார்கள். தகப்பன் காலத்தில் தொடங்கிய வேலை அது, மகன் தொடர்ந்தான். இன்றைக்கும் அந்தப் பக்கத்துச் சனத்திடம் பூர்வீகம் எது என்று கேட்டால் ஹொங்டொங்கில் உள்ள பெரிய மரம் என்று சொல்வார்களாம். புறப்படும் முன் அந்த மரத்தடியில்தான் கூட்டிப் பதிந்தார்கள் என்று கதை. குடியேற்றத் திட்டத்துக் காணியில் பிறந்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், தாங்கள் ஒருநாளும் இருந்திராத ஒரு தீவின் பெயரைச் சொல்வார்கள். அதனால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, ஆட்களைக் கொண்டுவந்தாயிற்று, படை நிற்கிறது, கட்டுமானக் கூலிகள் லட்சக்கணக்கில். சோறு? அரிசி விளைவது தெற்கே யாங்சிப் பக்கம். கடல்வழியாகக் கொண்டுவந்தால் புயல், கொள்ளைக்காரர். தரைவழியாகத் தோளிலும் வண்டியிலும் தூக்கினால் சனம் சாகிறது. குப்லாய் கான் 1289இல் ஷான்டொங் வழியாக வெட்டிய கால்வாய் ஒன்று இருந்தது, ஆனால் அது எப்போதுமே சரியாக ஓடவில்லை, 1391இல் மஞ்சளாறு பெருக்கெடுத்துச் சேற்றால் மூடிவிட்டது.

1411இல் வேலை தொடங்கியது. பொறுப்பு பொதுப்பணி அமைச்சர் சொங் லி. பழைய கால்வாயைத் தூர்வாரினால் போதும் என்று தொடங்கியவருக்குப் பெரிய தலையிடி வந்தது. கால்வாய் ஓடும் வழியின் நடுவில் நிலம் முதுகு மாதிரி உயர்ந்திருக்கிறது. நான்வாங் என்ற இடம் அந்த முதுகின் உச்சி. அங்கேயிருந்து வடக்கே லின்சிங் போவதற்குள் நிலம் 90 சீன அடி இறங்குகிறது, தெற்கே 116 அடி இறங்குகிறது. மங்கோலியர் காலத்தில் தண்ணீரை நான்வாங்குக்குத் தெற்கே, அதைவிடப் பள்ளமான ஜினிங்கில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பள்ளத்தில் விட்ட தண்ணீர் மேட்டில் ஏறுமா? வடக்குப் பக்கம் எப்போதும் காய்ந்தே கிடந்தது. பெரிய பட்டமும் பதவியும் உள்ளவர்கள் நூறு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழியைச் சொன்னவர் பை யிங். படித்தவர் இல்லை, பதவி இல்லை, வென்ஷாங் ஊரைச் சேர்ந்த கிழவர். அந்தக் காலத்தில் ஒரு பத்துப் பதினைந்து வேலையாட்களுக்குத் தலைவராக இருக்கும் ஊர்ப் பெரியவரைத்தான் பதிவில் ‘கிழவர்’ என்றே எழுதுவார்கள். அவர் சொன்னது: வென் ஆற்றை தாய்ச்சுன் என்ற இடத்தில், மேலேயே மறித்துக் கட்டுங்கள். அங்கேயிருந்து சிற்றாறு வழியாகத் தண்ணீரை நான்வாங் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். உச்சியில் இறக்கினால் இரண்டு பக்கமும் தானாக ஓடும்.

அவ்வளவுதான். குளக்கட்டில் நின்று வயலைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது புரியும். ஆனால் அணை கட்ட வேண்டிய இடம் நான்வாங்குக்கு எத்தனையோ மைல் தள்ளி. அங்கே நின்று பார்த்தால் நான்வாங் தெரியாது. அங்கத்தைய தரை நான்வாங் உச்சியைவிட உயரம் என்று கருவி எதுவும் இல்லாமல் ஒரு மனிதன் எப்படி நிச்சயமாகச் சொன்னான்? நடந்து நடந்து, மழைத் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்திருந்தால் ஒழிய முடியாது.

நான்வாங்கில் வந்திறங்கும் தண்ணீரை இரண்டாகப் பிரித்தார்கள். அரசப் பதிவில் ஆறு பங்கு வடக்கே, நாலு பங்கு தெற்கே. ஊர்ச்சனம் சொல்வது ஏழுக்கு மூன்று. ஏழு பங்கு சக்கரவர்த்தியைக் கும்பிடப் போகிறது, மூன்று பங்கு தெற்கே பிழைக்கப் போகிறது என்ற மாதிரி ஒரு சொலவடையே இருக்கிறது. வடக்கே இறங்க 17 மதகு, தெற்கே இறங்க 21. ஒன்றைத் திறந்து படகை விட்டு, மூடி, அடுத்ததைத் திறந்து, படிப்படியாக ஏற்றி இறக்க வேண்டும். பக்கத்தில் உள்ள ஏரிகளை எல்லாம் தண்ணீர் சேமிக்கிற குளங்களாக்கினார்கள். மழைக்காலத்தில் நிரப்பி, கோடையில் துருசு திறந்து கால்வாய்க்கு விடுவது. லட்சத்துக்கு மேற்பட்ட கூலிகள் வேலை செய்தார்கள், சில மாதங்களில் முடித்தார்கள். தெற்குப் பகுதியை 1415இல் ஒழுங்காக்கியது யார் தெரியுமா? 1402இல் கப்பல்களோடு கட்சி மாறிய அதே சென் ஷுவான். அந்த வருஷம் கடல்வழித் தானியப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பிற்காலத்தில் வருஷத்துக்கு 40 லட்சம் ஷி தானியம் இந்த வழியால் பீஜிங் போனது. ஒரு ஷி கிட்டத்தட்ட நூறு லீற்றர் கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் நீண்ட காலம் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்த ஐயா ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி தம்பி, ஆத்துத் தண்ணி எண்டால் சேறும் வருமே. உச்சியில கொண்டந்து கொட்டின சேத்தை என்ன செய்தவங்கள்?” என்றார். எந்தச் சரித்திரப் பேராசிரியரும் முதலில் கேட்காத கேள்வி. ஆனால் அதுதான் உண்மையான பிரச்சினை. நான்வாங்கில் சேறு நிரம்பிக்கொண்டே இருந்தது, பனிக்காலத்தில் கால்வாயை அடைத்துச் சுற்றுவட்டாரத்துச் சனத்தை இறக்கித் தூர்வார வைத்தார்கள். அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூற்றாண்டுக் கணக்கில்.

“அப்ப அந்தச் சனத்தின்ர வயலுக்குத் தண்ணி குடுத்தவையோ?” இது அவருடைய அடுத்த கேள்வி.

இல்லை ஐயா. அரசப் படகு போகிற பருவத்தில் கால்வாய்க்கு வரும் ஊற்றுத் தண்ணீரிலோ கால்வாய்த் தண்ணீரிலோ கைவைத்தால் தண்டனை. வயல் காய்ந்தாலும் படகு போக வேண்டும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு வந்தபோது இங்கே எழுந்த சத்தம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். யார் பக்கம் நியாயம் என்று இப்போது நான் தொடங்கப் போவதில்லை, ஆனால் இங்கே கமக்காரர் கூட்டம் போட்டு வாய்விட்டுச் சண்டை பிடிக்கவாவது முடிந்தது. ஷான்டொங்கில் சனத்துக்கு அதற்கு வழியில்லை. 1399இலிருந்து போர், பிறகு கால்வாய்க் கூலி, பிறகு பீஜிங் மாளிகைக் கூலி. 1420இல் வெடித்தது. தலைமை தாங்கியவள் தாங் சாய்’அர் என்ற பெண், புத்தரின் தாய் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவள். அரச படை கலகத்தை நசுக்கியது, ஆளை மட்டும் பிடிக்க முடியவில்லை. மொட்டையடித்துப் பிக்குணியாக ஒளிந்திருப்பாளோ என்ற சந்தேகத்தில் சக்கரவர்த்தி ஷான்டொங்கிலும் பீஜிங்கிலும் இருந்த பெண் துறவிகளை எல்லாம் பிடித்து விசாரிக்கச் சொன்னான். கடைசிவரை கிடைக்கவில்லை. அதே 1420இல்தான் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை வேலையாட்களின் கையில் ஒரு உளவுப் பிரிவையும் தொடங்கினான்.

இனி எங்கள் தீவு. நான்வாங்கில் வேலை தொடங்கிய அதே 1411இல், அவனுடைய கப்பல்கள் இலங்கையிலிருந்து ஒரு ஆளைக் கட்டி நான்ஜிங்குக்குக் கொண்டுவந்து இறக்கின. கப்பற்தலைவன் செங் ஹே யுன்னான் முஸ்லிம். 1381இல் மிங் படை அங்கே போனபோது பத்து வயதளவில் பிடிபட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, ஜூ டியின் வீட்டு வேலைக்கு வந்தவன். பீஜிங் மாளிகை வேலையில் பெரிய பங்கு எடுத்த நுயென் ஆன் என்பவனும் இப்படித்தான் வியட்நாமிலிருந்து சிறுவனாகப் பிடித்துவரப்பட்டவன். யொங்லேயின் பெருமை என்று உலகம் காட்டுகிற இரண்டுக்கும் பின்னால் போரில் பிடிபட்ட சிறுவர்கள் இருக்கிறார்கள்.

காலிக் கல்வெட்டின் தேதி 1409 பெப்ரவரி. நான்ஜிங்கிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாவை, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரை. காணிக்கை மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய், இன்னும் பல. மூன்று தெய்வத்துக்கும் ஒரே தட்டு. தமிழ்மேல் அவனுக்கு என்ன காதல்? துறைமுகத்தில் யாருடைய மொழியில் வியாபாரம் நடந்ததோ அந்த மொழியில் எழுதினான். அதுவே பெரிய விஷயம் என்றுதான் நான் சொல்வேன், இல்லாத காதலை ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

காணிக்கை கொடுத்த பயணத்திலேயே சண்டையும் வந்தது. தென்னிலங்கையில் அதிகாரம் வைத்திருந்தவன் அழகேஸ்வரன். யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளோடு மோதிக் கோட்டையைக் கட்டிய அழகக்கோனார் குடும்பம். செங் ஹேயை உள்நாட்டுக்கு அழைத்து மறித்துவிட்டு 50,000 பேரைக் கப்பல்களைக் கொள்ளையிட அனுப்பினான், செங் ஹே 2000 பேரோடு பின்வழியால் போய் அவனையே பிடித்தான் என்பது சீனர் சொல்லும் கதை. எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை, பிடித்துக் கொண்டுபோனது மட்டும் நடந்தது. கொல்லுங்கள் என்று மந்திரிகள் சொன்னார்கள். ஃபாங் ஷியாவ்ருவின் மாணவர்களைக்கூட விடாத ஆள், இவனை அறியாமையில் செய்தான் என்று விட்டுவிட்டான். தன் சிம்மாசனத்துக்கு ஆபத்தில்லாத இடத்தில் அவனுக்கு இரக்கம் சுலபமாக வந்தது. அழகேஸ்வரன் போன இடத்தில் ஆறாம் பராக்கிரமபாகு எழுந்தான், அவன் வளர்த்த சப்புமல் குமாரயன், எங்கள் கதைகளில் செண்பகப்பெருமாள், 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1403 முதல் 1408 வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர்களை வைத்து உலக அறிவு எல்லாவற்றையும் தொகுக்கச் சொன்னான். 22,877 அத்தியாயம், 11,095 தொகுதி. அச்சிடவில்லை, எல்லாம் கையெழுத்து. இன்று 400 தொகுதியளவில்தான் மிஞ்சியிருக்கிறது, அழிந்ததில் ஒரு பகுதி 1900இல் பீஜிங் சண்டையில் எரிந்தது. நூலகம் எரிகிற கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வியட்நாமை 1407இல் பிடித்து மாகாணமாக்கினான், இருபது வருஷத்தில் அது கைவிட்டுப் போனது. 1414இல் வங்காளத்திலிருந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்தது, நல்ல அரசன் ஆளும்போது மட்டும் தோன்றும் தெய்வ மிருகம் இது என்று மந்திரிகள் கவிதை எழுதினார்கள். 1421 புத்தாண்டில் பீஜிங் தலைநகரானது. மூன்று மாதம் கழித்து மின்னல் விழுந்து மூன்று பெரிய மண்டபமும் எரிந்தன. பயந்துபோய், என்ன பிழை செய்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றான். தலைநகரை மாற்றியதுதான் பிழை என்று வெளிப்படையாகச் சொன்ன ஷியாவ் யியைக் கொன்றான்.

அண்ணன் மகனை மட்டும் அவன் மறக்கவில்லை. உடலைக் காட்டி அடக்கம் செய்தவனே ஹு யிங் என்ற அதிகாரியை வருஷக்கணக்காக நாடு முழுக்கத் தேட அனுப்பினான். வெளியே சொன்ன காரணம் ஒரு சித்தரைத் தேடுவது. 1423இல் படையோடு வடக்கே முகாமிட்டிருந்தபோது ஹு யிங் இரவில் வந்து சேர்ந்தார். படுத்துவிட்ட சக்கரவர்த்தி எழும்பி அவரை உள்ளே கூப்பிட்டான், நள்ளிரவு தாண்டும்வரை பேசினார்கள், அதோடு அவன் சந்தேகம் தீர்ந்தது என்று பதிவு சொல்கிறது. என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மாரைப் பார்த்த பிறகு இதை வாசித்தால், இருபத்தொரு வருஷம் கழித்தாவது பதில் கிடைத்தவன் காணாமல் ஆக்கியவன்தானே என்று கோபம்தான் வருகிறது.

அடுத்த வருஷம், 1424 ஓகஸ்ட் 12, ஐந்தாவது மங்கோலியப் படையெடுப்பில் எதிரியைக் கண்ணால்கூடக் காணாமல் திரும்பும் வழியில் செத்தான். செய்தி வெளியே தெரியாமல் உடலைத் தகரப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். அவனோடு முப்பதளவான அந்தப்புரப் பெண்களையும் தூக்கிலிட்டார்கள். இதில் கொரியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஹான் என்ற பெண்ணும் ஒருத்தி. ஸ்டூலில் ஏற்றிக் கயிற்றை மாட்டும்போது, கூடவந்த செவிலித் தாயைப் பார்த்து, அம்மா நான் போகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூலை இழுத்துவிட்டார்கள். இந்த விவரம் கொரிய அரசப் பதிவில் இருக்கிறது. செவிலித் தாய் பிறகு ஊர் திரும்பி வந்து சொல்லி, அங்கே எழுதி வைத்தார்கள்.

அந்தப் பெண்ணின் அண்ணன் ஹான் ஹ்வாக்குக்குத் தங்கையால் பதவியும் செல்வமும் வந்தது. சில வருஷத்தில் யொங்லேயின் பேரன், அப்போதைய சக்கரவர்த்தி, மற்றத் தங்கையையும் கேட்டான். அவள் காய்ச்சலில் கிடக்க அண்ணன் மருந்து கொண்டுபோனான். ஒரு தங்கையை விற்றுச் சேர்த்தது போதாதா, இந்த மருந்து யாருக்காக என்று கேட்டுவிட்டு, கலியாணத்துக்கென்று தைத்து வைத்திருந்த மெத்தையைக் கத்தியால் கிழித்தாள். ஆனாலும் அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் பீஜிங் அரண்மனையில் இருந்து, 1483இல் அங்கேயே செத்தாள்.